சத்தியபாய் தின்ற கொழுக்கட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. போன மாசியில் கருங்கல் பக்கத்துக் கன்வென்ஷன் பந்தலில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், அபின் தின்று ஜெயிலுக்குப் போன மகனைக் கண்ணீராலேயே கழுவி மீட்ட ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். பந்தல் முழுக்க மூக்குச் சிந்தியது. பெண்கள் வரிசையில் என் அருகே இருந்த பெரியம்மை ஜெயபாய் மட்டும், "இவன் கண்டான்!" என்றாள்.

அந்தத் தாய் பெரியம்மைக்கு அடுத்த வீட்டுக்காரி. ஜெயிலுக்குத் துணை போனவளும் பெரியம்மைதான். அவளிடம் கேட்டு எழுதுகிறேன். பிரசங்கியார் மேல் உள்ள எரிச்சலில் எழுதுகிறேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விதவை சத்தியபாயின் ஏழைக் குடிசையில்..."

குடிசை இல்லை, ஓட்டு வீடு. அடித்தேன்.

"மகன் ஞானசிங் சிறுவயதில் மகா புத்திசாலி..."

கெட்டுப்போகிறவர்கள் எல்லாரும் கதைகளில் சிறுவயதில் மகா புத்திசாலிகள். இவன் சாதாரணப் பையன். அதையும் அடித்தேன்.

(ஏன் அபின் தின்றான் என்று கேட்பீர்கள். வயிற்றுவலி என்று எழுதிப் பார்த்தேன். காதல் தோல்வி என்று எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். சர்க்கார் லைசென்சு கொடுத்துக் கடை திறந்து வைத்திருந்தது, இவன் போய் வாங்கினான். காரணத்தை ஊரே அவளிடம் கேட்டாயிற்று. நீங்களும் கேட்க வேண்டாம்.)

நடந்தது இது. 1934, ஐப்பசி. சத்தியபாய் வெள்ளைக்காரிகளின் உடுப்புக்கு ரேந்தை என்கிற லேசு பின்னிப் பிழைத்தவள். வீட்டிலிருந்த உருளி, செம்புக்குடம், செத்துப்போன புருஷனின் கோட்டு எல்லாம் மகன் வழியாக அபின் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு காலையில் மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனவள் கையில், கோயிலில் திராட்சரசம் கொடுக்கும் ராப்போஜனக் கிண்ணம் தட்டுப்பட்டது. வெள்ளிக் கிண்ணம். முந்தானையில் பொதிந்துகொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"நம்ம கோயில் உபதேசியாருட்ட குடுத்திருக்கலாமே?" என்று பெரியம்மை கேட்டாளாம்.

"அவரு ஜெபம் பண்ணிட்டு விட்டுருவாரு. இவன் அடுத்தால கோயில் மணியக் கழத்துவான்."

ஞானசிங்குக்கு எட்டு மாதம் கிடைத்தது.

3

ஊர் பேசியதை எழுத எனக்கு ஒரு வரி போதும். கிணற்றடியில் ஒரே வாய் காலையில் 'கள்ளனைப் பெத்தவ' என்றது, சாயங்காலம் 'பெத்த மொவனைக் காட்டிக்குடுத்தவ' என்றது. இரண்டில் எது குற்றம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தால் ஒன்றை நிறுத்த வேண்டி வருமே.

உபதேசியார் ரசலையன் வீட்டுக்கு வந்தார். "சத்தியபாயி, வாற ஞாயிறு சபைக்கு முன்னால எழும்பி ரெண்டு வார்த்த சொல்லணும். ஒனக்க வளப்புல எங்க பிழ வந்துன்னு. மத்த தாய்மாருக்குப் பிரயோஜனப்படும்."

"சொல்லலாம் உபதேசியாரே. ஒமக்க மருமொவன் சாராயத்தில கிடக்கியத நீரு முதல்ல சொல்லும். பொறவு நான் எழும்புதேன்."

அவர் காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

(அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு கதறினாள் என்று ஒரு வரி வைத்திருந்தேன். பெரியம்மையிடம் படித்துக் காட்டினேன். "நீ பாத்தியா?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

சத்தியபாயும் பெரியம்மையும் முதல் தடவை ஜெயிலுக்குப் போனபோது ஞானசிங் கம்பியைப் பிடித்தபடி நடுங்கினான். மூக்கு ஒழுகியது.

"அம்மோ, எலும்புக்குள்ள எறும்பு ஊருது. அடுத்த மட்டம் கொழுக்கட்டைக்குள்ள ஒரு பயறளவு வச்சுக் கொண்டா. இல்லேண்ணா எனக்க பொணத்தத்தான் வாங்குவ."

சத்தியபாய் திரும்பிய வழியில் அபின் கடைக்குப் போனாள். வாங்கினாள். ஆமாம், வாங்கினாள். இதை மறைத்தால் பிரசங்கியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மறுமாதம் கொழுக்கட்டை பிடிக்கும்போது ஒன்றுக்குள் அந்தக் கறுப்பை வைத்து மூடினாள். பக்கத்தில் இருந்த பெரியம்மை அடுப்புக்கு ஓலை தள்ளினாள். எல்லாம் வெந்து இறக்கிய பிறகு, சத்தியபாய் அந்த ஒன்றை மட்டும் எடுத்து அடுப்புக்குள் போட்டாள். ஓலைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ஜெயிலில் மகன் ஒவ்வொன்றாகப் பிட்டான். மாவு, தேங்காய், கருப்பட்டி. இன்னொன்று. மறுபடியும் மாவு. கடைசியில் பெட்டியோடு தூக்கி வெளியே எறிந்தான். "நீயெல்லாம் ஒரு தாயா?"

சத்தியபாய் தரையில் உட்கார்ந்தாள். பிட்டுப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி, மண்ணை ஊதி, அவன் கண் முன்னால் தின்னத் தொடங்கினாள்.

"ஏட்டி, எழும்பு. ஆளுவ பாக்குது," என்றாள் பெரியம்மை.

"பாக்கட்டும். இது எனக்க அரிசி."

நிதானமாக மென்று தின்றாள். மகன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசித் துண்டு வாய்க்குள் போனபோது அவன் குரல் இறங்கிவிட்டது. "அம்மோ, எனக்கு ஒண்ணு தா."

"தீந்து போச்சு. தின்னியதுக்குண்ணா அடுத்த மாசம் கொண்டுவாறேன்."

அடுத்த மாதம் கொண்டுபோனாள். பிட்டுப் பார்க்காமல் தின்றான்.

(பிரசங்கியார் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தாய் தின்பது பிரசங்கத்துக்கு உதவாது. அவள் பட்டினி கிடக்க வேண்டும்.)

5

முடிவுகள் கைவசம் உண்டு. பிரசங்கியாரின் முடிவில் மகன் மனந்திரும்பி வேதப்பாடசாலையில் சேர்கிறான். பத்திரிகைக்கு ஏற்ற முடிவில் அம்மை மடியில் தலைவைத்துச் சாகிறான். இரண்டையும் எழுதினேன்; இரண்டும் நன்றாகவே வந்தன. அதனாலேயே கிழித்தேன்.

ஆனி மாதம் விடுதலை. சத்தியபாயும் பெரியம்மையும் ஜெயில் வாசலில் நின்றார்கள். அவனுக்கு முகம் தெளிந்திருந்தது, கை நடுங்கவில்லை. மூவரும் மோட்டார் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. ஒரு பழைய சேக்காளியப் பாத்துட்டு பொறவே வாறேன்," என்றான் ஞானசிங், தரையைப் பார்த்தபடி.

சத்தியபாய் ஏறி உட்கார்ந்தாள். அவன் போகவும் இல்லை, ஏறவும் இல்லை. படிக்கம்பியில் ஒரு கை வைத்து நின்றான். டிரைவர் ஆரன் அடித்தான். கண்டக்டர் குனிந்து கேட்டான்: "அம்மா, டிக்கெட்டு ரெண்டா, மூணா?"

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கன்வென்ஷனில் அதற்கும் கண்ணீர் பூசுவார்கள். ரெண்டு என்றால் கல்நெஞ்சக்காரி என்பீர்கள், மூணு என்றால் ஏமாளி என்பீர்கள். அவளைவிட நன்றாகப் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவர்கள் அல்லவா நீங்கள்?

கண்டக்டர் நிற்கிறான். மோட்டாருக்கு நேரமாகிறது. சொல்லுங்கள்.