திரும்பிப் பார்த்தவர்கள்

மூன்றாவது வாளித் தண்ணீர் கலங்காமல் சரிவில் இறங்கி ஓடியதைப் பார்த்த பிறகுதான் ஜம்புலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து எங்கெங்கே ஒளித்துவைக்கும் என்று அவருக்குத் தெரியும். மட்கார்டின் உள்மடிப்பில், கதவின் கீழ்விளிம்பில், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் துழாவித் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டெலானிபூர் மேட்டிலிருந்து மற்றவர்கள் மீன் வாங்க இறங்கும் நேரத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தன் ஹம்பர் காருக்கு அடியில் படுத்திருப்பார். ஒரு கையில் தேய்ந்த பெயிண்ட் பிரஷ், பக்கத்தில் கழித்த எஞ்சின் ஆயில் டப்பா. அடிப்பாகம் முழுக்க அதைப் பூசிவிட்டால் துருவை இன்னும் ஒரு மழைக்காலத்துக்குத் தள்ளிப்போடலாம்.

கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கறுப்பு. யானைக்குட்டி மாதிரி முதுகு, உள்ளே வால்நட் மரப் பலகை பதித்த டாஷ்போர்டு, பழுப்புத் தோல் சீட்டுகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாத்தம் ஜெட்டியில் கிரேன் அதைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கியபோது பாதி போர்ட் பிளேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. இந்தத் தீவில் இருக்கிற நல்ல ரோடு முழுவதையும் ஒரு மணி நேரத்தில் ஓட்டித் தீர்த்துவிடலாம், இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஜம்புலிங்கம் பதில் சொன்னதில்லை. ஐம்பதாம் வருஷம் கோவில்பட்டியிலிருந்து வந்து சாத்தம் மர ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் நின்றவர். பிறகு மரக் காண்டிராக்டில் கொஞ்சம் நிமிர்ந்தார். வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பார். மழைக்காலத்தில் சீட்டுக்கடியில் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திவைப்பார், ஈரம் அண்டாது.

"எனக்கு ஜுரம் வந்தப்ப இப்படி ஒரு லைட்டு போட்டு வச்சீங்களா?" என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி ஒரு தடவை கேட்டாள். கேட்டாளே தவிர, பல்ப் ஃபியூஸ் போனால் புதிது வாங்கிவந்து மாட்டுகிறவளும் அவள்தான்.

அந்த ஒரு வாரமாக ஜம்புலிங்கத்துக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. வண்டியில் போகும்போது ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் பழகிப்போய் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த வண்டி. இப்போது மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் நடந்து போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் பார்க்கிறார்கள். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வங்காளி கடையை விட்டு ரோட்டுக்கே ஓடிவந்து கையை ஆட்டி, "ஷாபாஷ், ஷாபாஷ்" என்று கத்தினார். ஜம்புலிங்கம் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். போன மாதம் போட்ட மெழுகுப் பாலிஷ் இப்போதுதான் நன்றாக எடுத்துக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வருகிற வியாழக்கிழமை மிக்கேலின் மகள் ரீத்தாவுக்குக் கல்யாணம். மிக்கேல் தூத்துக்குடிக்காரர், படகுப் பட்டறையில் வேலை. ஜம்புலிங்கம் இந்தத் தீவில் வந்து இறங்கிய முதல் வாரத்திலிருந்து பழக்கம். பெண்ணை மாதா கோயிலுக்கு ஹம்பரில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று மிக்கேல் கேட்கவில்லை; ஜம்புலிங்கமே சொல்லிவிட்டிருந்தார்.

வண்டி ஈரம் உலர்ந்ததும் அவர் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு மனைவி அரசியை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் புறப்பட்டார். அவள் எப்போதும் போலப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக முழங்கால் வலி என்று எங்கும் போகாதிருந்தவள் வண்டியில் ஏறுவது அன்றைக்குத்தான். மேட்டுச் சரிவில் வண்டி இறங்கியது. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். வேலி ஓரமாக நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வளைவில் மறுபடி மிதித்தார். அப்போது அவர் தோளில் ஒரு கை விழுந்தது. அடிக்கிற மாதிரி விழுந்தது. வண்டியை ஓரங்கட்டித் திரும்பினார். அரசி மற்றொரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவ நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துறது?"

"என்ன?"

"என்னங்க இது சத்தம்? காதுல ஊசிய விட்டுக் குத்துற மாதிரி இருக்கு."

"எங்க சத்தம்? ஒண்ணுமில்லியே."

அரசி குரலைத் தணிக்காமல், ஆனால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"நீங்க பிரேக்க மிதிக்கும்போதெல்லாம் கத்துது. பின்னால வலது பக்கம். ரோடே திரும்பிப் பாக்குது."

"அவுங்க வண்டியப் பாக்காங்க, அரசி."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவரை என்னவோ செய்தது. கோயிலுக்குப் போகவில்லை. வண்டியை மெதுவாகத் திருப்பி, பிரேக்கைத் தொடாமல், மேட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேட்டியோடு ஜாக்கி வைத்துத் தூக்கினார். பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி இழுத்தார். வெளியே வந்த டிரம்மின் உள்பக்கம் கிராமபோன் தட்டு போல வரிவரியாகக் கீறியிருந்தது. பிரேக் பட்டை தேய்ந்தே போய்விட்டது. ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு, டிரம்மில் உரசி உரசி வெள்ளியாய் மின்னின. இரும்போடு உலோகம் உரசியிருக்கிறது. ஒரு வாரமாக. ஊரே கேட்டிருக்கிறது.

வண்டியோடு வந்த புத்தகத்தில் இத்தனை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை பிரேக்கைத் திறந்து பார்க்கவேண்டும் என்று போட்டிருந்தது. அவர் மைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றமும் இறக்கமுமான இந்த ஊரில் மைல் ஏறுவதற்கு முன்னாலேயே பட்டை தேய்ந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் இப்போது மனதில் ஓடியது அதுவல்ல. துணிக்கடை வங்காளியின் முகம்தான். கையை ஆட்டி, வாயை அகலத் திறந்து. அவர் சொன்னது ஷாபாஷ் இல்லை. ஆவாஜ். ஆவாஜ், ஆவாஜ். சத்தம் வருகிறது என்று ரோட்டுக்கு ஓடிவந்து எச்சரித்த மனிதருக்கு அவர் சலாம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜம்புலிங்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே காலையில் மைனாக்கள் கத்துவதில்லை, அவையெல்லாம் டெலானிபூரை விட்டுப் போய்விட்டன போலிருக்கிறது என்று ஒருநாள் அரசியிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கும் அவள் இப்படித்தான் பேசாமல் இருந்தாள்.

"மிக்கேல்கிட்ட சொல்லிரணும்," என்றார். "வேற ஜீப் எதாவது பாத்துக்கிடட்டும். பட்டை கல்கத்தாவுலேருந்து வரணும். கப்பல் வர இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு."

"வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லுவீங்களா? காது கெட்டுப்போச்சுன்னு சொல்லுவீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சக்கரத்தின் நட்டுகளைத் தட்டில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மிக்கேலைக் கூப்பிட்டு வர அவளே போனாள், முழங்கால் வலியோடு, மேட்டிலிருந்து நடந்து. மிக்கேல் வந்தார். கல்யாண வீட்டு வேலையிலிருந்து நேராக வந்ததால் சட்டையில் சுண்ணாம்புக் கறை. டிரம்மைக் கையில் வாங்கி, விரலால் வரிகளைத் தடவிப் பார்த்தார். பட்டையை நிமிண்டிப் பார்த்தார். ஜம்புலிங்கம் சொல்லவேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"மிக்கேலு, எனக்கு இந்தச் சத்தம் கேக்கல. இது மட்டுமில்ல. பல சத்தம் கேக்க மாட்டேங்குது. பொண்ண வச்சு நான் ஓட்டுறது சரியில்ல."

மிக்கேல் டிரம்மைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, நான் எந்தப் பக்கம் நிக்கேன்?"

"ஏன், எடது பக்கம்."

"ஒரு வருஷமா ஒங்க எடது பக்கம் நின்னுதான் பேசுதேன். வலது பக்கம் நின்னு பேசுனா நீங்க சும்மா சிரிப்பீங்க. அது எங்க ரீத்தாவுக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஜம்பு மாமா வண்டில போறேங்கா."

இத்தனை நாள் ஜம்புலிங்கம் தன்னிடமே மறைத்துவைத்திருந்ததை அத்தனை பேரும் சேர்ந்து அவருக்காக மறைத்துவைத்திருக்கிறார்கள். வெட்கமாகவும் இருந்தது, சுமை இறங்கியது போலவும் இருந்தது.

அடுத்த மூன்று நாளும் மகளின் கல்யாண வேலையை வீட்டில் மனைவி சிசிலியாவிடம் விட்டுவிட்டு மிக்கேல் சாயங்காலமானால் வந்துவிடுவார். பட்டறையில் படகை இழுக்கிற விஞ்சின் பிரேக்குக்குச் சுற்றுகிற பட்டைச் சுருளில் மிச்சம் ஒரு முழம் கிடைத்தது. அதை அளந்து வெட்டி, பிரேக்கின் வளைவுக்கு வளைத்து, துளையிட்டார்கள். படகுப் பலகைக்கு அடிக்கிற செப்பு ஆணிகளைத் தலை வெளியே தெரியாமல் பள்ளத்துக்குள் இறக்கி அடித்தார் மிக்கேல். ஜம்புலிங்கம் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் வரிகள் மறையும்வரை தேய்த்தார். அது முழுக்க மறையவில்லை. விரலில் நெருடாத அளவுக்கு வந்தது. மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார்கள். பட்டை இன்னும் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் காலி வண்டியை மேட்டிலிருந்து ஐந்து தடவை இறக்கி, ஐந்து தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அரசி வளைவில் நின்று கேட்டாள். மூன்றாம் தடவை கொஞ்சம் முனகியது என்றாள். ஐந்தாம் தடவை தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை காலை ரீத்தா வெள்ளைப் புடவையும் தரை வரைக்கும் தொங்கும் முக்காட்டு வலையுமாகப் பின் சீட்டில் சிசிலியாவோடு உட்கார்ந்தாள். ஜம்புலிங்கம் முன் கதவைத் திறந்து அரசியைப் பார்த்தார். அவள் தயங்கினாள். ஆறு வருஷத்தில் அவள் முன்னால் உட்கார்ந்ததில்லை.

"நீ பக்கத்துல இரு. ஏதாவது கேட்டா என் முழங்கால்ல தட்டு."

சரிவில் இறங்கும்போது ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு முகம் திரும்பும்போதும் ஓரக்கண்ணால் அரசியின் கையைப் பார்த்தார். அது மடியில் அசையாமல் கிடந்தது.

"என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க," என்றாள்.

பஜாரைத் தாண்டிக் கோயில் திருப்பத்தில் முழங்காலில் பளீரென்று ஒரு தட்டு விழுந்தது. உடனே மிதித்தார். வண்டி நேராக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. ஆனால் பிரேக் இல்லை விஷயம். ரீத்தாவின் முக்காட்டு வலை கதவிடுக்கில் சிக்கி வெளியே பறந்து, பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அந்தப் பெண் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஜம்புலிங்கம் இறங்கிக் கதவைத் திறந்து வலையை விடுவித்து, கைக்குட்டையால் தூசி தட்டினார். ரீத்தா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் இருந்தார். அரசி காத்திருந்தாள். பிறகு அவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் மழை தூறி, கொல்லையில் வாழை இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. காபி ஆற்றிக்கொண்டே அரசி, "நேத்து பூரா எஞ்சின்ல இன்னொரு சத்தம் வந்துச்சு," என்றாள். "பிரேக்கு இல்ல. இது வேற. கல்யாணம்னு சொல்லல."

"எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். சொல்லத் தெரியவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். ஜம்புலிங்கம் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, அதன் கைப்பிடியை அவள் காதோரம் வைத்து, முனையை எஞ்சின் தலையில் முதல் சிலிண்டருக்கு நேராக ஊன்றினார். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்பதை ஒற்றை விரலால் அவர் தோலில் தட்டத் தொடங்கினாள். மெத்து மெத்தென்று, ஒரே சீராக. அவர் முனையை அடுத்த சிலிண்டருக்கு நகர்த்தினார். அதே தட்டு. மூன்றாவதுக்கு நகர்த்தினார். நாலாவதில் அவள் விரல் சட்டென்று நகத்தால் தட்டி, கடுகு வெடிக்கிற வேகத்தில் துள்ளியது. சத்தம் அங்கேதான்.