ஒரு கொப்புளம்கூட இல்லாமல்

அந்த வீட்டில் லேமினேஷன் ஆகாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று தண்ணீர்க் குடம், இன்னொன்று அம்மா. மற்றபடி ஒரு பொருளில் நாலு எழுத்து அச்சாகியிருந்தால் போதும், அப்பா அதைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூடான மெஷினுக்குள் விட்டு, பளபளவென்று வெளியே எடுத்துவிடுவார். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஒன்றாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த காகிதம், எல்லாமே இன்னும் அழுக்குப் படாமல் அலமாரியில் இருக்கின்றன. அந்தப் பந்தயத்தில் ஓடியதே மூன்று பேர்தான். அதை அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை.

பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரியில் வேதியியல் முடித்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வெளியே அவளை மேடம் என்று கூப்பிட ஆள் வந்தாயிற்று. வீட்டில் மட்டும் பாப்பா, பாப்பாதான்.

அப்பாவின் கடை ஒரு பேங்க்குக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு இடம். பதினெட்டு வருடமாக, பேங்க்குக்குப் போகும் சனம் முழுக்க அவர் கடையில் ஏறி இறங்கித்தான் போகிறது. எத்தனையோ பேருடைய கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு அவர் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு தடவை தனக்கும் ஒன்று எழுதிப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அதைப் பற்றி அவர் அப்புறம் வாய் திறக்கவே இல்லை. அந்தத் தாளை மட்டும்தான் அவர் லேமினேட் செய்யவில்லை என்று அம்மா சொல்வாள்.

பாப்பா கிரெடிட் கார்டு கேட்டுப் போனபோது அவளுக்கும் முதல் இரண்டு பேங்க்குகள் கையை விரித்தன. இதுவரை எங்கேயும் எதையும் தவணையில் வாங்கியதில்லையே, உங்களை எதை வைத்து நம்புவது என்றார்கள். யாரிடமும் கை நீட்டாமல் வளர்ந்ததே ஒரு குறையாகப் போய்விட்டது. மூன்றாவது பேங்க்குதான் அவளுடைய வேலையையும் சம்பளத்தையும் பார்த்து, சரி என்றது.

பகலில் வீடு பூட்டித்தான் கிடக்கும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. அதனால் வீட்டுத் தபால் எல்லாம் அப்பாவின் கடைக்குத்தான் வரும். "கார்டு வந்தா நீங்களே பிரிச்சுப் பாருங்கப்பா" என்று பாப்பாதான் சொல்லி வைத்திருந்தாள். முதலில் அப்பா பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. பின்னால் யோசித்தபோது, பாதித் தப்பு தன்னுடையது என்று அவளுக்குப் பட்டது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் செய்தித்தாள் ஒன்று எதையோ மூடிக் கிடந்தது. அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர் அவர்.

"எடுத்துப் பாரு."

எடுத்தாள். நீல நிறக் கார்டு. அதில் அவளுடைய முழுப் பெயர். சுற்றிலும் கண்ணாடி மாதிரி உறை, மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டிய ஓரம், நாலு மூலையும் வளைவு.

"பாரு, நல்லா வெளிச்சத்துல பாரு. ஒரு காத்துக் கொப்புளம் இருக்கா, சொல்லு?"

பாப்பா விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். உறைக்குள்ளே கார்டு லேசாக நெளிந்திருந்தது. புடைத்து நிற்க வேண்டிய பெயரின் எழுத்துகள் சூட்டில் படுத்துவிட்டிருந்தன. தங்க நிறச் சில்லின் ஒரு ஓரம் சுருங்கி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அப்பா இதற்கு முன் ஒரு கிரெடிட் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. மற்றவர்களுடைய விண்ணப்பத்தைத்தான் பார்த்திருக்கிறார். கார்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

"ஒண்ணுகூட இல்லப்பா. சூப்பரா இருக்கு."

"அம்பது வருஷம் ஆனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணியில போட்டு எடு, அப்படியே இருக்கும்."

மறுநாள் மதியம் ஆபீஸ் கேன்டீனில் அவள் நப்பாசையோடு கார்டை நீட்டினாள். மெஷினின் வாயில் அது நுழையவே இல்லை. மேலே வைத்துத் தட்டிப் பார்த்தார்கள், மெஷின் கம்மென்று இருந்தது. சரி, வேறு கார்டு கேட்டு வாங்கிவிடலாம் என்றால், அதுவும் அப்பாவின் கடைக்குத்தான் வந்து சேரும். எதற்கு இன்னொன்று என்று அவர் கேட்பார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் இரண்டு நாள் திரிந்தாள்.

மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது அம்மாவிடம் சொன்னாள். அம்மா கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ, உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடி. இத்தனை வருஷத்துல ஒரு தாளைக் கெடுத்ததில்லன்னு மனுஷன் தலை நிமிந்து நடக்கறாரு. பெத்த பொண்ணோடதையே கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா நாலு நாள் சாப்பிட மாட்டாரு."

அது நிஜம். அந்தத் தெருவில் அப்பாவுக்குப் பெயரே 'லேமினேஷன்'தான். பக்கத்துக் கடையில் பத்திரம் எழுதுகிறவர் எல்லோரிடமும் சொல்வார்: "நம்ம லேமினேஷன் கை பட்டுக் கெட்டுப்போன காகிதம் உலகத்துலயே கிடையாது." ஒரே ஒரு போட்டோதான் மிச்சம் என்று அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அவர் கையில் நம்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவருக்கு இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். அது போய்விடக் கூடாது என்று பாப்பா பயந்தாள்.

ஆனால் அப்பா சும்மா இருந்தால்தானே! "சனிக்கிழமை என் பொண்ணு அவ கார்டுல எனக்கு ஃபேன் வாங்கித் தரப்போறா" என்று தெருவுக்கே தண்டோரா போட்டுவிட்டார். கடைக்கு நிற்கும் மின்விசிறி ஒன்று வாங்கித் தருவதாக பாப்பாதான் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் சனிக்கிழமை ஆபீஸில் வேலை என்றாள். அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்கூடக் கடைக்கு வர்றது உனக்கு ஒரு மாதிரி இருந்தா பரவாயில்லம்மா. உன் ஆபீஸ் பிள்ளைங்களோட போய் வாங்கிட்டு வந்துடு. எனக்கு ஃபேன் வந்தா சரி."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், அதைவிடப் பெரிய பூசணிக்காய் முளைத்துவிட்டது. "நாளைக்கே போறோம். நீங்களும் வர்றீங்க" என்றாள்.

ஒரு திட்டம் வைத்திருந்தாள். அப்பா ஃபேன்களை வேடிக்கை பார்க்கும் நேரத்தில் சம்பளக் கணக்கு டெபிட் கார்டைத் தேய்த்துவிட்டு, முடிந்தது வாங்கப்பா என்று கிளம்பிவிடுவது. ஆனால் மறுநாள் ஃபேன் கடைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்த அப்பா ஃபேனை இரண்டு நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நிற்கிறவர் போல் அவளுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றுகொண்டார். திட்டம் அங்கேயே பணால். போதாக்குறைக்கு, பின்னால் ஒரு பல்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் பத்திரக்காரர்.

"என்ன லேமினேஷன், இன்னிக்குத்தானா அது?"

"இன்னிக்குத்தான்" என்றார் அப்பா. குரல் கடை முழுக்கக் கேட்டது.

அவர்களுக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆள் கார்டை எடுத்து மெஷினில் செருகினார். இரண்டாவது ஒரு பெண்மணி, அவரும் அப்படியே. அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். மூன்றாவது ஆளின் கார்டு கல்லாமேசையில் கிடந்தபோது இன்னும் குனிந்து பார்த்தார். எதிலும் உறை இல்லை. எழுத்துகள் புடைப்பாக நின்றன. பாப்பாவின் கைப்பையைத் திரும்பிப் பார்த்தார். பாப்பா கவனித்தாள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கார்டா, கேஷா?" என்றான் கல்லாவில் இருந்த இளைஞன்.

அவள் கை டெபிட் கார்டைத்தான் தேடியது. ஆனால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கார்டையே எடுத்து நீட்டினாள். அவன் அதைச் செருகப் பார்த்தான், திருப்பிப் போட்டுப் பார்த்தான், மேலே வைத்துத் தட்டினான்.

"வேலை செய்யலையே."

"பேங்க்ல ஏதோ பிரச்சினை போல. நான் சரியா பார்க்காம வந்துட்டேன்" என்றாள் பாப்பா அவசரமாக.

அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். "இப்பல்லாம் காலேஜ் முடிச்ச உடனே கார்டைத் தூக்கிக் குடுத்துடறாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது, ஆசைக்கு எடுத்துட்டு வந்துடறாங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாப்பாவுக்குக் காது சுட்டது. போகட்டும், தன்னோடு போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா கையை நீட்டிக் கார்டை வாங்கினார். விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். கடைக்கு வரும் ஒவ்வொரு தாளையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கட்டைவிரலால் சில்லின் ஓரத்தைத் தடவினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பேங்க் பிரச்சினை என்றே விட்டிருக்கலாம். பத்திரக்காரரும் அதைத்தான் நம்பியிருப்பார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம். இது நல்ல கார்டு. ரெண்டு பேங்க் முடியாதுன்னுச்சு. மூணாவது பேங்க் என் பொண்ணோட படிப்பையும் வேலையையும் பாத்து, நம்பிக் குடுத்தது. அவகிட்டயும் குறை இல்ல, பேங்க்கிட்டயும் குறை இல்ல. கெடுத்தவன் நான். பேங்க்குக்கு எதிர்ல லேமினேஷன் கடை வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேக்காம இதை மெஷின்ல விட்டுட்டேன். சூடு தாங்கல."

அவர் திரும்பினார்.

"பத்திரக்காரரே, நீங்களும் கேட்டுக்குங்க. நாளைக்கு நீங்க தெருவுல சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். லேமினேஷன் கை பட்டு ஒண்ணு கெட்டுப்போச்சு."

பத்திரக்காரர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதைக் காப்பாற்ற அவள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பொய் மேல் பொய்யாகச் சொன்னாளோ, அதை அவர் அவளுக்காக நடுக்கடையில் போட்டு உடைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். கார்டில் தன் பெயரைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை வரவில்லை.

"எங்கப்பா" என்றாள் கல்லா இளைஞனிடம். யார் என்று அவன் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "சாரி மேடம். வேற கார்டு இருந்தா..."

"இருக்கு" என்று அவள் பையைத் திறந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். அந்தக் கார்டு வரட்டும். அதுலதான் வாங்கணும்."

"ஃபேன்ல உங்க பேரை எழுதி எடுத்து வைக்கிறேன் சார்" என்றான் அவன்.

"என் பேரு எதுக்கு? பொண்ணு பேரை எழுது."

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் அப்பா கேட்டார்:

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"உங்கம்மாவுக்கு?"

"மூணாவது நாள்."

"அப்ப வீட்டுல கடைசியாத் தெரிஞ்ச ஆளு நான்தானா? நல்ல குடும்பம்!" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அவள் அங்கேயே, ஒரு மருந்துக் கடையின் நிழலில் நின்று பேங்க்குக்கு போன் போட்டாள். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஒரு பெண் பேசினாள்.

"கார்டு தொலைஞ்சதா மேடம், சேதமா?"

"சேதம்."

"எப்படி ஆச்சுன்னு குறிச்சுக்கணும்."

"எங்கப்பா லேமினேட் பண்ணிட்டார்."

மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "எங்கப்பாவா இருந்தா ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார் மேடம். சரி, புது கார்டை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?"

அப்பா அவசரமாகக் கையை ஆட்டினார். "ஆபீசுக்கு. உன் ஆபீசுக்கே வரச் சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

பாப்பா அவரைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்: "அதே விலாசந்தாங்க. எங்கப்பா கடைக்கு. அவர் கையிலயே குடுத்துடுங்க."

அப்பா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். போகிற வருகிற வண்டிகளை எல்லாம் ரொம்ப நேரம் அக்கறையாகப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"என்னிக்கு வரும்னு கேளு. அன்னிக்கு அந்த மெஷினை ஆஃப் பண்ணி வெச்சிடறேன்."