அகமது கபீருக்கு ஒரு நல்ல மவுத்து

1

இந்தக் கதையை ஓர் இங்கிலாந்துத் துறவியைப் பற்றித்தான் தொடங்கினேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள். கூப்பிட்ட மடத்துக்கெல்லாம் போய், அங்கே அடக்கமாகியிருக்கும் புனிதர்களின் வாழ்க்கையையும் அற்புதங்களையும் எழுதிக்கொடுத்துச் சாப்பிட்டவர். மடத்துத் தலைவர் சொல்வதுதான் அவருக்கு ஆதாரம். தலைவர் சொல்லாததை வேறொரு புனிதரின் கதையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். அதனால் அவருடைய புனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சாகிறார்கள். முகத்தில் ஒளி, உதட்டில் பிரார்த்தனை, அறையெங்கும் நறுமணம்.*

அவரைக் கேலி செய்ய நினைத்தேன். அதற்குள் எனக்கே ஒரு புனிதர் வந்து சேர்ந்தார்.

(* போன வருடம் எங்கள் ஊர்ச் சங்க மலரில் செய்கு முகம்மதுவுக்கு நானும் இதே நறுமணத்தைத்தான் எழுதினேன். அவர் செத்தது லாரி மோதி.)

2

முதல் தொடக்கம்: "ஜூலை மாத வெயிலில் ஓமானின் சோஹார் துறைமுகம்..." வேண்டாம். வெயில் என்று எழுதினால் அதில் யார் நின்றார்கள் என்ற கேள்வி வரும்.

இரண்டாம் தொடக்கம்: "அகமது கபீர் காக்கா நல்ல மனிதர்." இதை மீராசா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மீராசா எங்கள் ஊர்க்காரர், எங்கள் முதலாளி. சோஹாரில் அவருடைய குடோனில் நான் கணக்கு எழுதுகிறேன். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; கபீர் காக்கா அங்கே சரக்கு இறக்கினார். ஊர்ச் சங்கத்துக்கும் மீராசாதான் தலைவர். சங்கத்தின் ஆண்டு மலரில், இங்கே மவுத்தானவர்களுக்கு, அதாவது இறந்துபோனவர்களுக்கு, ஆளுக்கொரு பக்கம் உண்டு. எழுதுவது நான். இந்த வருடம் கபீர் காக்கா.

லுஹர் என்ற நண்பகல் தொழுகையில், சுஜூதில் நெற்றி தரையில் பட்டபடியே உயிர் பிரிந்தது என்றார் மீராசா. காக்காவின் மனைவிக்கும் போனில் அப்படித்தான் சொன்னாராம். "எல்லாருக்கும் கிடைக்கிற மவுத்தா தம்பி இது? உருக்கமா எழுதுங்க."

எழுதினேன். நன்றாகவே வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

3

(மலரில் இந்தப் பகுதி இருக்காது.)

காலையிலிருந்தே நெஞ்சை அடைக்கிறது என்றார் காக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக மீராசாவிடம் கேட்டார். கண்டெய்னர் காலியானதும் போகலாம், லாரி காத்துக்கொண்டு நிற்கிறது என்றார் மீராசா. காக்கா மறுபடி கேட்டார். மறுபடியும் லாரிதான் பதில். கண்டெய்னருக்குள்ளேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தார். நான்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ஒளி ஒன்றும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு காற்றுக்குத் தவித்தார்.

என் விசா மீராசாவின் கையில் இருக்கிறது. மடத்துச் சோறு துறவியை எப்படிக் கட்டிப்போட்டதோ அப்படியே என்னையும்... (அடித்துவிட்டேன். சோற்றுக்கு உவமை எதற்கு?)

4

எழுதியதைக் காக்காவின் மனைவி ஹபீபுன்னிசாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மலரில் போட ஒரு படம் கேட்டிருந்தேன். இன்று அவரே போன் செய்தார். லாத்தா, அக்கா, என்றுதான் அவரை அழைப்பேன். எதிர் மேஜையில் மீராசா.

"நல்லா எழுதியிருக்கீக தம்பி," என்றார். பிறகு, "அவுகளுக்குத்தான் முட்டி மடங்காதே. நாலு வருசமா நாற்காலியில உக்காந்துதானே தொழுதாக. தரையில எப்படித் தல வச்சாக?"

மீராசா பள்ளிவாசலில் எப்போதும் முதல் வரிசை. நாற்காலிகள் கடைசியில் கிடக்கும். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. காக்கா அங்கே உட்கார்ந்து தொழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நெற்றி தரையில் பட்டபடி ஒருவர் சாவது எவ்வளவு அழகான வாக்கியம்! அதை விட மனம் வரவில்லை.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அடுத்த வாரம் மூட்டை முடிச்சோடு ஊரில் நிற்கிறேன்.

முடிவு இரண்டு: எனக்குத் தெரியாது லாத்தா என்கிறேன். அவர் நம்பவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.

முடிவு மூன்று: துறவி என்ன செய்திருப்பாரோ அது. இதை யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அன்னைக்கு மட்டும் முட்டி மடங்குச்சு லாத்தா. என் கண்ணால பார்த்தேன்."

என் முதல் அற்புதம். மீராசா தலை நிமிர்ந்து, மாஷா அல்லாஹ் என்று முணுமுணுத்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

லாத்தா அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"முட்டியே சரியாகிற அளவுக்கு நல்லா இருந்த மனுசன் தம்பி. பின்ன எதனால மவுத்தானாக?"

6

துறவியிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய புனிதர்களுக்கு மனைவி கிடையாது.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. மீராசா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். உங்கள் விசா அவர் கையில் இல்லை. லாத்தா இன்னும் லைனில்தான் இருக்கிறார்.

பேசுங்கள்.