கெங்கம்மாள் முழுசாகச் சொன்னது

தில்லியில் பிரதமர் சுடப்பட்டு இறந்த பதினாறாம் நாள், திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே இரங்கல் கூட்டம் என்று ஏற்பாடாயிற்று. அதில் பேச கெங்கம்மாளைக் கூப்பிடுவதற்காக, பிரதமர் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் பரந்தாமன் முந்தின நாளே புல்லட் வண்டியில் திருவாலங்காட்டுக் காலனிக்கு வந்துவிட்டார்.

கெங்கம்மாள் கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய கூலிக்காரி. புருஷன் பாம்பு கடித்துப் போனதிலிருந்து அவளும் தம்பி எல்லப்பனும் ஒரே வீட்டில்தான். பெண்கள் இரண்டையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

"மூணு நிமிஷம் பேசுனா போதும் கெங்கம்மா. அந்தம்மா மனை குடுத்தாங்க, அதுல வூடு கட்டிகினு மானமா இருக்கேன்னு சொல்லு. அழுவ வந்தா அழு, தப்பில்ல."

"மனை குடுத்தது நெஜந்தாண்ணா. அது எப்பிடி வந்துச்சின்னும் சொல்லணுமில்ல?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?" என்று சிரித்துவிட்டு பரந்தாமன் வண்டியை உதைத்தார். "செத்துப்போனவங்க. நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு எறங்கு."

எழுபத்தாறாம் வருஷத்து எமர்ஜென்சி காலச் சங்கதி அது. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த நாற்பது குடும்பங்களுக்கும் மனைப் பட்டா என்றார்கள். பட்டியலில் கெங்கம்மாள் பெயரும் இருந்தது. வாங்கப் போன அன்று, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீட்டுக்கு ஒரு ஆம்பள குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கணும். அப்பதான் பட்டா" என்றார்.

"எனக்கு ஆம்பளயே இல்லிங்களே."

பக்கத்தில் நின்ற எல்லப்பனை அவர் அப்போதுதான் பார்த்தார். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

"நா போறங்கா" என்றான் எல்லப்பன்.

"நீ கண்ணாலம் கட்டாதவன்டா!"

அது அதிகாரியின் காதிலும் விழத்தான் செய்தது. படிவத்தில் 'வயது முப்பத்திரண்டு, குழந்தைகள் மூன்று' என்று எழுதி முடித்தார். வெளியே ஜீப் நின்றது. எல்லப்பன் ஏறி உட்கார்ந்தான். கெங்கம்மாள் நினைத்திருந்தால் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. போன மழைக்குக் குடிசை சரிந்து பெண் குழந்தைகள் இரண்டும் ஊறிப்போய்க் கிடந்தது ஒன்றுதான் அப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பட்டா அன்று சாயங்காலமே கைக்கு வந்தது. அதன்பிறகு எல்லப்பனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். பொதட்டூர்பேட்டைக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டதும் வரவே இல்லை. மணவூரில் தட்டு மாற்றிய பிறகு சேதி போய், தட்டு திரும்பி வந்தது. அதோடு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

பரந்தாமன் போனபிறகு கெங்கம்மாள் தம்பியிடம் வந்து உட்கார்ந்தாள். அவன் வெட்டரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா செத்த அன்னிக்கி ரேடியோவ வச்சிகினு அழுதியேடா."

"அழுதேன். பொம்பளய அப்பிடி சுட்டா அழுவ வராதா? பதினஞ்சு வருஷம் ஆண்டவங்க. நமக்கு வூடு வந்தது அவுங்களாலதான். என்ன இப்பிடி ஆக்குனதும் அவுங்க ராஜ்யந்தான்."

"மைக்ல உன் சங்கதிய சொல்லட்டுமா? உனக்கு வேணான்னா நா போவவே மாட்டேன்."

அரிவாள் கல்லில் உரசுவது நின்றது. அவன் அதைக் கீழே வைத்தான்.

"ஊருக்கே தெரியும். முதுகுக்குப் பின்னால பேசிகினுதான் இருக்கறானுங்க. மூஞ்சிக்கு நேரா கேக்கட்டும். சொல்லுக்கா. நானும் வரேன்."

மறுநாள் தூறலிலும் நல்ல கூட்டம். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் கெங்கம்மாளை நிறுத்தினார்கள். முன்வரிசையில் எல்லப்பன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனக்கு மனை குடுத்தாங்க. இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

கை தட்டினார்கள்.

"அந்த மனைக்காக கண்ணாலம் ஆவாத என் தம்பிய ஜீப்ல ஏத்திகினு போயி அறுத்தாங்க. மூணு கொழந்தைக்கி அப்பன்னு பொய் எழுதுனாங்க. இன்னிக்கி வரிக்கும் அவனுக்குப் பொண்ணு குடுக்க ஆளில்ல. தடுக்காத பாவம் எனக்கும் இருக்குது. ஆனா..."

மைக் செத்தது. பரந்தாமன்தான் ஒயரைப் பிடுங்கியிருந்தார். "எறங்குடி கீழ!" என்று எவனோ கத்தினான்.

கரும்புத் தோட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூவிப் பழகிய தொண்டை அவளுடையது. "எறங்க மாட்டேன்! கூப்பிட்டது நீங்க. கேட்டுட்டுப் போங்க! குடுத்ததும் அந்தம்மா பேர்லதான், புடுங்குனதும் அந்தம்மா பேர்லதான். ஒண்ண மட்டும் சொல்லுன்னா எப்பிடி?"

"அந்த ஆளு நாந்தான்!" என்று எல்லப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். "எவனுக்காவது சிரிக்கணும்னா இப்ப சிரிங்கடா!"

எவனும் சிரிக்கவில்லை. பூக்கூடைக்காரிகள் இரண்டு பேர் வழிவிட, அக்காளும் தம்பியும் நடுக்கூட்டத்தில் நடந்தே வெளியே வந்தார்கள்.

இரண்டாம் நாள் எதிர்க்கட்சி சுந்தரமூர்த்தி காலனிக்கு வந்தார். "எலெக்சன் வருது. நம்ம மேடையில பேசு. அந்த ஆபரேஷன் சங்கதி மட்டும் போதும். மனை கினையெல்லாம் வேணாம்."

"மனை வந்தது பொய்யா?"

"பொய்யின்னு யார் சொன்னது? இப்ப எதுக்கு அதுன்றேன்."

"பரந்தாமனண்ணனுக்கு ஆபரேஷன் வேணாம், உங்களுக்கு மனை வேணாம். போங்கய்யா. முழுசா கேக்கறவன் எவனாவது இருந்தா அனுப்புங்க, வரேன்."

அந்த வருஷம் கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்தது பரந்தாமனின் மைத்துனர்; அவர்கள் இருவரையும் கூப்பிடவில்லை. மணவூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. விடியும் முன்னே சோறு கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். முதல் நாள் வரப்பில் கூலிக்காரர்களின் பேச்சு இவர்களைக் கண்டதும் நின்றது.

எல்லப்பன் அவர்கள் எதிரில் போய் நின்றான். "ஆங், நாந்தான். இன்னா கேக்கணுமோ கேளுங்க" என்றான்.

ஒரு ஆள் மட்டும் வெட்டவேண்டிய கரும்பு வரிசைகளைக் கைகாட்டினான். "எந்த சாலு உனக்கு வேணும், சொல்லு" என்றான்.