ஏழாம் எண் குழி

பேராசிரியர் ஓபர்ஹோஃபர் எதையும் வாயை மூடிக்கொண்டு பார்த்ததில்லை. அவருடைய ஆய்வு மாணவி ஃபிரான்சி லெக்னரின் தலைவலி அதுதான்.

இன்ஸ்புரூக் ஆய்வுக்கூடத்தில், மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளின் நுனியில் லேசர் அடித்து அவள் குழி செய்துகொண்டிருந்தாள். சூட்டில் உருகி ஆறும்போது குழி தானே வழவழத்துவிடும். பூச்சு ஏற்றியபின் அதுவே முகம் பார்க்கும் கண்ணாடி. இரண்டை எதிரெதிரே நிறுத்தினால் நடுவில் ஒளி லட்சம் தடவை போய்வரும். பூச்சுக்கு முன் ஒரு துளி எச்சில் பட்டால் எல்லாம் போயிற்று.

பூச்சுக் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் இடம் தரும். சென்ற தடவை பேராசிரியர் இருபத்து நான்கையும் முகத்தருகே பிடித்து, "அடடா, என்ன வளைவு!" என்று வியந்ததில் பதினொன்று பாழ். இந்தத் தடவையும் கெட்டால் அவளுடைய முனைவர் பட்டம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

யோசனை சொன்னவன் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எகோன்.

"லேசரே படாத வெறும் இழையா இருபத்து நாலு அடுக்கிக் குடு. ஆசை தீரப் பாக்கட்டும்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"இருக்கிற குழியே வெறும் கண்ணுக்குத் தெரியாது. இல்லாததா தெரியப்போகுது?"

பேராசிரியர் வந்தார், பார்த்தார், பேசினார்.

"மூணாவது கொஞ்சம் சொரசொரப்பு. ஆனா இந்த ஏழு இருக்கே, ஃபிராவ் லெக்னர்! இப்படியொரு வழவழப்ப நான் பாத்ததே இல்ல."

"நான் பெருசா ஒண்ணும் பண்ணலீங்க, புரொஃபசர்," என்றாள் ஃபிரான்சி, சத்தியமாக.

எகோன் சிவந்துபோய் இருமினான். "இன்னைக்கு மலைக்காத்து மோசம்," என்றான். அந்த ஊரில் எதற்கும் செல்லுபடியாகும் காரணம் அது.

"ஏழ நான் வச்சுக்கிறேன். சூரிச்சுலேர்ந்து வர்றவங்களுக்குக் காட்டணும்." இழையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மிச்சம் இருபத்து மூணையும் கட்டி வைங்க. கோட்ட எடுத்துட்டு வர்றேன். எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட்டு, கூரியர்ல நானே குடுத்துடறேன்."

அவர் வெளியே போனதும் ஃபிரான்சி அலமாரியைத் திறந்தாள். அங்கிருந்த அசல் பெட்டியில் இருபத்து நான்கும் முழுசாக இருந்தன. அதிலும் ஏழாவதுதான் உண்மையிலேயே முதல்தரம்.

"அவர் எண்ணறப்ப ஏழாம் பள்ளம் காலியா இருக்கணும். ஏழத் தூக்கி எறிஞ்சுடு," என்றான் எகோன்.

"உன்னத் தூக்கி எறிவேன்!"

பத்தொன்பதாவதில் ஓரம் பெயர்ந்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் அதை எடுத்து வெளியே போட்டாள். ஏழை அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்தாள். நடையில் செருப்புச் சத்தம். எகோன் கண்ணாடிபோல் தெரியும் மூடியை அழுத்தி, நாலு பக்கமும் டேப் சுற்றினான்.

"எதுக்குப்பா இவ்வளவு டேப்?"

"மலைக்காத்து, புரொஃபசர். தூசி அள்ளிக்கிட்டு வருது."

பேராசிரியர் குனிந்து, மூடியில் மூக்கு முட்ட, வாய்விட்டு எண்ணினார். "ஏழு காலி. ஆக இருபத்து மூணு. என்ன வளைவு!"

மூடியின் மேல் வட்டமாக ஆவி படிந்தது. ஃபிரான்சி அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.