இருபது வீட்டுக்கு முப்பத்தொன்பது வோட்டு

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்றதற்கு அடுத்த வருடம் அது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் வோட்டு மெஷின் வந்தது. முதலில் சந்தேகப்பட்டவள் நேசமலர் டீச்சர். சந்தேகப்பட்டதோடு நின்றாளா? இருபது வீட்டுக் கதவிலும் நின்று, "பெட்டிக்குள்ள என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? கடதாசி எண்டா எண்ணிப் பாக்கலாம். இதை என்னண்டு எண்ணுறது?" என்று கேட்டுக் கேட்டு, தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. மொட்டைமாடிதான் அவளுடைய நடனப் பள்ளி. அதற்கு நேர் கீழே குடியிருந்தவர் நாகேந்திரம், தபால் கந்தோரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். மேலே பிள்ளைகள் தட்ட, கீழே அவர் மனைவி இரத்தினம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கூரையை இடிப்பாள். இடித்துக் களைத்தால் ஏசுவதற்கு மேலே ஏறி வருவாள். இப்போது நாகேந்திரம் கட்டடச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். வென்றால் மொட்டைமாடிக்குப் பூட்டு. "கடற்கரைப் பக்கம் மாடியில ஆக்கள் நடமாடினா ஆமிக்காரன் என்ன நினைப்பான்?" என்று சொல்லி இரத்தினம்மா பூட்டையும் வாங்கி வைத்துவிட்டாள். எதிர்த்து நிற்க வேறு ஆள் இல்லாமல் நேசமலரே நின்றாள். தோற்றால் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு எங்காவது டைப் அடிக்கப் போகவேண்டியதுதான்.

மெஷினைச் செய்தவர் இரண்டாம் மாடி ஷிப்லி. டீவி திருத்துகிறவர். முந்திய வருடம் துண்டில் எழுதிப் போட்ட வோட்டு, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து அடிபிடியில் முடிந்திருந்தது. அதனால் அவர் ஒரு பலகைப் பெட்டிக்குள் மலிவுக் கல்குலேட்டர் இரண்டை வைத்து, வெளியே இரண்டு காலிங் பெல் சுவிட்ச் பொருத்தினார். ஒருமுறை அழுத்தினால் ஒன்று கூடும். மனுசன் அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே திரிந்தார்.

"எல்லாருக்கும் முன்னால சோதிச்சுக் காட்டுங்கோ" என்று நேசமலர் அடம்பிடித்தாள். ஷிப்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்டு... ரெண்டு... மூணு..." என்று உரக்க எண்ணி அழுத்தினார். கல்குலேட்டரும் மூன்று காட்டியது. சனம் கைதட்டியது. நேசமலருக்கு முகம் செத்துவிட்டது.

அந்தக் கட்டடத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம்முடைய ஆள் என்றால் வாசல் பெல்லை இரண்டு தரம் அடிப்பார்கள். ஒருதரம் அடித்தால் பொலிஸ். பதிவு கேட்க வந்திருக்கிறது என்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பொலிசில் பதியாமல் நிற்கும் ஒன்றுவிட்ட தம்பி பாத்ரூமுக்குள் போய்விடுவான். இதை மீறுகிறவர் நாகேந்திரம் ஒருவர்தான். "நானென்ன கள்ளனோ, குறிப்புக் குடுத்து அடிக்க?" என்று எங்கேயும் ஒருதரம்தான் அழுத்துவார். அவர் வோட்டுக் கேட்டு வந்த அன்று கட்டடம் முழுக்கப் பாத்ரூம் கதவுகள் சாத்துப்பட்டன.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் பழைய சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டி வோட்டு நடந்தது. வீட்டுக்கு ஒன்று. எல்லோரும் போட்டு முடிய ஷிப்லி பெட்டியைத் திறந்தார்.

"நாகேந்திரம் ஐயா இருபது. டீச்சர் பத்தொம்பது."

"வீடே இருபதுதானே!" என்று யாரோ கத்த, பிறகு கேட்க வேண்டுமா? ஒரே கூச்சல். ஷிப்லிக்கு வேர்த்து ஊற்றியது. இரத்தினம்மா மட்டும் அசையவில்லை. "பிழை எண்டா ரெண்டு பேருக்கும்தானே பிழை? கூட எடுத்தவர் வெண்டவர்!" என்று புருஷனுக்கு மாலையைப் போட்டு, பற்றீஸ் பெட்டியையும் திறந்துவிட்டாள். வாய் நிறையப் பற்றீஸ் இருந்தால் யார் சண்டை பிடிப்பார்கள்? மத்தியானத்துக்கு முன்னமே மொட்டைமாடியில் பூட்டுத் தொங்கியது.

நேசமலர் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடியக் கோபம் வந்தது. கள்ளப் பெட்டி செய்தவனை ஒரு பிடி பிடிக்காமல் விடுவதில்லை என்று இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய் பெல்லை அழுத்தினாள். டிங் டொங். டிங் டொங்.

அவளுடைய விரல் சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

ஷிப்லி கதவைத் திறந்தார். "டீச்சர், அல்லா மேல ஆண, நான் ஒண்டும் செய்யல்ல."

"ஷிப்லி நானா, இண்டைக்குச் சேலைக்குப் பின்னால எத்தினை தரம் அமத்தினனீங்கள்?"

"ஒரு தரந்தான். இந்தா, இப்பிடி..." என்று அவர் காற்றில் அழுத்திக் காட்டினார். விரல் தன்பாட்டில் இரண்டு தரம் போனது. "யா அல்லா!"

"நானும் அப்பிடித்தான் அமத்தினனான். முழுச் சனமும் அப்பிடித்தான்! அப்ப ஐயாவின்ரை இருபது, பத்து வீடு. என்ரை பத்தொன்பதில ஒன்பது வீடு ரெண்டு ரெண்டாப் போட்டது. மிச்சம் ஒண்டு தனிய நிக்குது. அதுவும் ஒரு வீடுதானே? எனக்கும் பத்து. சரிக்குச் சரி!"

"அது யாரு டீச்சர், ஒரு தரம் மட்டும் அமத்தின ஆள்?"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் ஐந்தாம் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் ஷிப்லி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நேசமலர் சிரித்துக்கொண்டே மூன்று மாடியும் ஓடி ஏறினாள்.

நாகேந்திரம் மாலையும் கழுத்துமாகக் கதவைத் திறந்தார்.

"ஐயா, நீங்கள் எனக்கோ வோட்டுப் போட்டனீங்கள்?"

அவர் திடுக்கிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். "மெல்லக் கதை பிள்ளை. ரகசிய வோட்டு எண்டுதானே சொன்னவன்!"

"பெட்டி சொல்லிப்போட்டுது. ஏன் ஐயா?"

"தலைவரெண்டா பொலிசோட கதைக்க வேணும். என்ரை சிங்களம் 'ஹரி மாத்தயா'வோட சரி, நீயெண்டா நல்லாக் கதைப்பாய். நிக்கச் சொன்னது இவதான். அதோட..." குரலை இன்னும் இறக்கினார். "உன்ரை பிள்ளையள் ஆடேக்கைதான் இவ ஏசுறதுக்கு மேல போறவ. நான் நிம்மதியா மட்ச் பாக்கிறது அந்த ஒரு மணித்தியாலந்தான்."

"ஆரப்பா அது?" என்று உள்ளிருந்து இரத்தினம்மா கேட்டாள்.

நாகேந்திரம் நிமிர்ந்தார். தபால் கந்தோர்க் குரல் வந்தது. "டீச்சர்! தலைவர் எண்ட முறையில சொல்லுறன், பின்னேரத்தில மாடி திறந்திருக்க வேணும். பொலிசோட கதைக்கிற வேலை இனி டீச்சரின்ரை!"

"என்ன?" என்று இரத்தினம்மா பாய்ந்து வருவதற்குள் மாடிப் பூட்டின் திறப்பு நேசமலரின் கைக்கு மாறிவிட்டது.

அன்று பின்னேரமே மொட்டைமாடியில் சலங்கை கேட்டது. கீழே தும்புத்தடி இடிக்கத் தொடங்கி, இடித்து, ஓய்ந்தது. கதவு படாரென்று சாத்துப்பட, இரத்தினம்மாவின் ஏச்சு படியில் ஏறி வந்தது. நேசமலர் வாயைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டுக்கழியைத் தூக்கினாள். அப்போது அவளுடைய காலடியில் மறுபடி தும்புத்தடி இடித்தது, மெதுவாக, இரண்டு தரம்.