சபைப் பியானோவின் நாலு கோர்டு

ஹெட்போனைக் காதில் மாட்டிய நான்காவது நிமிடத்தில் பெற்றீசியா டீச்சர் கையை உயர்த்தி, "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சு நாலு நிமிசம் ஆச்சு அத்தே," என்றான் அவருடைய அண்ணன் மகன் ஜூட்சன்.

டீச்சர் டிக்கோயாவைச் சுற்றி மூன்று பாடசாலைகளில் முப்பத்தேழு வருடம் மேலைத்தேய சங்கீதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் காதுக்குப் பிடிக்காத சத்தங்களை வரிசையாக நிறுத்தினால் வரிசை ஹட்டன் ஸ்டேசனைத் தாண்டிப் போகும். அதன் தலைமாட்டில் நிற்க இதோ ஒன்று வந்திருந்தது. ஜூட்சன் ஹட்டனில் தன் வீட்டுப் பின்னறைச் சுவரெல்லாம் தேயிலைச் சாக்கை அறைந்து, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் சூட்டி, கொழும்பிலிருக்கும் ஷாமிலா என்ற சிநேகிதியோடு சேர்ந்து 'ஈரமலை ரெக்கார்ட்ஸ்' என்றொரு லேபல் நடத்துகிறான். அந்த லேபலின் முழுச் சேனையும் இவர்கள் இரண்டு பேர்தான். போன வெள்ளிக்கிழமை புதிதாக நாலு பாட்டை இணையத்தில் விட்டிருந்தார்கள். எல்லாம் கணினியில் தாளம் கட்டிய நடன இசை: இரண்டு டீப் ஹவுஸ், இரண்டு பியானோ ஹவுஸ்.

டீப் ஹவுஸ் என்பது டீச்சரின் காதுக்கு, நோட்டன் பிரிட்ஜ் பஸ் இரண்டாம் கியரில் ஏற்றத்தில் திணறுவது போல இருந்தது. கீழே ஓர் உறுமல், நடுவில் மாறாத டும் டும், மேலே யாரோ ஒரு பெண் தொண்டை கட்டிப்போய் முனகல்.

"பஸ்ஸாவது ஒரு எடத்துக்குப் போய்ச் சேரும்டா," என்றார். "இது நின்ன எடத்துலயே டயரத் தேய்க்குது."

"மூணாவதக் கேளுங்க அத்தே."

மூன்றாவது பாட்டில், சுரங்களைச் சேர்த்து அமுக்கிய நாலு கோர்டு வந்தது. டீச்சரின் விரல்கள் அவரைக் கேட்காமலே மேசைமேல் ஏறி அதே இடங்களில் விழுந்தன. ஒவ்வொரு கோர்டும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி, முட்டி மோதிக்கொண்டு வந்தது. டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார்.

"இது நம்ம சபைப் பியானோ."

"வாசிக்கிறதும் நீங்கதான். ஜூன் மாசம் மழைக்குள்ள நீங்க பழகிட்டு இருந்தப்ப போன்ல புடிச்சேன். பேரும் போட்டிருக்கேன்."

"அழிச்சிரு. நான் அதுல வாசிக்கலடா. கட்டையோட குஸ்தி போட்டிருக்கேன்."

அது உண்மை. ஒரு வருடமாகப் பியானோவில் இரண்டு கட்டைகள் அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தன. அவற்றை எழுப்ப டீச்சர் முழுக் கையாலும் குத்தி, சுண்டி, அடுத்த கோர்டுக்கு மூச்சிரைக்க ஓடவேண்டியிருந்தது.

"அந்த எடறல்தான் அத்தே விசயமே. ஜெர்மனில ஒருத்தன் அத மட்டும் பாராட்டி ஒரு பக்கம் எழுதியிருக்கான்."

"அவனுக்குக் கொழுந்தெடுக்கிற வேல குடு. எழுத நேரம் கெடைக்காது."

கேலி பண்ணினாலும் டீச்சருக்கு அந்தக் கட்டைகள் விளையாட்டுக் காரியமில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். பியானோ செத்துவிட்டது என்று செயலாளர் டக்ளஸ் ஏற்கெனவே தீர்ப்பெழுதி வைத்திருந்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் அதை முன்மண்டபத்தில் பூச்சட்டி வைக்கக் கேட்டிருக்கிறாராம். அதற்குப் பதில் டக்ளஸின் வீட்டில் ஒரு கீபோர்ட் வந்து இறங்கியிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நூறு தாளம் தானாகக் கொட்டும்; பொத்தானை அமுக்க அவர் மகள் ஜெனிதா இருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் அந்தப் பியானோ முன் உட்கார்ந்தவர் டீச்சர். பியானோ போன மறுநாள் தானும் சபையில் ஒரு பூச்சட்டிதான் என்பது அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தனியே சபைக் கோயிலுக்குப் போய், ஆத்திரத்தில் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. இந்த மலையில் பனிமூட்டம் புகாத பொருள் கிடையாது. மரம் ஊறிப் பருத்துவிடும் என்பதற்காக, துரைமார் காலத்திலிருந்தே அந்தப் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்ப் அணையாமல் எரிவது வழக்கம். டீச்சர் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

போன வருடம் டக்ளஸ் மின்சாரச் சிக்கனம் என்று சபையின் பல்ப்களையெல்லாம் எல்.ஈ.டி.யாக மாற்றியிருந்தார். ஒன்றைக்கூட விடாத மகான், பியானோவுக்குள்ளும் கைவிட்டு மாற்றியிருக்கிறார். வெளிச்சம் பிரமாதம், சூடு சுத்தமாக இல்லை. உள்ளே குடியிருக்கும் எலி வேதாகமம் வாசிக்கலாம், அவ்வளவுதான். டீச்சர் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் மஸ்கெலியா வரைக்கும் பறந்திருக்கும்.

ஹட்டனில் ஆறு கடை ஏறி இறங்கி, ஏழாவதாக வீரய்யாவின் கடையில் குண்டு பல்ப் அகப்பட்டது.

"கோழிக்குஞ்சுக்கா டீச்சர்?"

"ஆமா வீரய்யா. நூறு வயசுக் குஞ்சு."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப ரெண்டாக் கொண்டுபோங்க."

ஒன்றை மாட்டி, மற்றதைக் கையிருப்பாக வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. டக்ளஸின் அறிவை முழுச் சபைக்கும் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு பேச்சைத் தயாரித்தார். சமையலறையில் அதை ஒத்திகை பார்த்தபோது அவருக்கே கைதட்டத் தோன்றியது.

சனிக்கிழமை ஜூட்சன் மறுபடி பதிவு பண்ண வந்தான். அவனே உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தான்; இரண்டு கட்டைகளும் எழும்பி நின்றன. டீச்சர் அவனிடம் மட்டும் பல்பின் கதையைச் சொன்னதும் அவன் முகம் தொங்கிப்போனது.

"சத்தம் சப்புன்னு ஆயிருச்சே அத்தே. அந்த பல்ப ஒரு கெழமைக்குக் கழட்டி வைங்களேன்."

"ஒன்னைக் கழட்டி வைப்பேன், ஓடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பியானோ இல்லாமலே நடந்தது. டக்ளஸ் முந்திக்கொண்டு அதற்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார். கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமி, தன் போனை மைக்குக்கு முன்னால் பிடித்தார். டும் டும் என்று கோயில் அதிர்ந்தது. பிறகு அந்த நாலு கோர்டு.

"கேட்டீங்களா? கட்ட ஒட்டுறது தெளிவாக் கேக்குது. நம்ம பியானோவோட நோய் ஒலகம் பூராப் போயிருச்சு. கீழ டீச்சர் பேரு வேற. டீச்சர், கோவிச்சுக்காதீங்க, ஒங்களுக்கும் ஓய்வு வேணும்ல?"

பின்வரிசையில் ஜூட்சன் தலை குனிந்தான். ஜெனிதா மட்டும் போனைப் பார்த்தபடி, "அப்பா, நிப்பாட்டாதீங்க," என்றாள்.

டீச்சர் எழுந்தார். தயாரித்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இந்த மனிதருக்கெல்லாம் விளக்கம் சொல்வது வாய்க்குக் கேடு என்று தோன்றிவிட்டது. போர்வையை இழுத்து டக்ளஸின் கையிலேயே திணித்து, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். முதல் வரியிலேயே இரண்டு கட்டைகளும் அமுங்கி எழும்பின, வெண்ணெய் தோற்றுப்போகும். டீச்சர் மனதுக்குள் டக்ளஸைப் புதைத்து மண்ணும் போட்டாயிற்று.

இரண்டாம் வரியில்தான் கவனித்தார். கட்டைகள் குணமாகிவிட்டன, கை குணமாகவில்லை. ஒரு வருடம் குஸ்தி போட்ட கை, இல்லாத எதிரியைத் தேடிக் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோர்டும் மயிரிழை பிந்தி, எகிறி விழுந்தது. நேராக்கப் பார்த்தார், இன்னும் பிந்தியது. முப்பத்தேழு வருடம் பிள்ளைகளின் விரல் முட்டியில் பென்சிலால் தட்டித் திருத்திய அதே பிழை. அவமானத்தில் காது கொதித்தது. நிறுத்தினால் டக்ளஸ் வென்றுவிடுவார். நிறுத்தாவிட்டால், கடவுளே, இது அந்த டயர் தேய்க்கிற சங்கீதம்.

நிறுத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு கைதட்டல் கிளம்பியது, தாளத்திலல்ல, தாளத்துக்கு நடுவில். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. யாரோ பாடவும் தொடங்கினார்கள். ஓட்டெடுக்க வைத்திருந்த துண்டுக் காகிதங்கள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவித் தரையில் பரவின. எடுக்க ஒருவரும் குனியவில்லை. டீச்சர் திரும்பிப் பார்க்க மறுத்துக் கண்ணை எதிரே இருந்த கறுப்புப் பலகையில் நட்டார். வார்னிஷின் மினுமினுப்பில் டக்ளஸ் தெரிந்தார்; வெள்ளைத் துணியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு, முகத்தை ஏழு முழம் நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். கீழே அவர் காலில் ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தின் நுனி மட்டும், அவருக்கே தெரியாமல், மயிரிழை பிந்திப் பிந்தி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.